சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியலையா? முதியவர்களுக்கு இருக்கை எப்படி இருக்கணும்? முழு விளக்கம்

"கொஞ்சம் கை குடுப்பா, எழுந்திருக்கணும்..." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் தினமும் காதில் விழும் வார்த்தை இது. 'வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று பலரும் இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். சோபாவில் இருந்து எழ மூன்று முறை முயற்சி செய்யும் அதே தாத்தா, சாப்பாட்டு மேசை நாற்காலியில் இருந்து ஒரே முறையில் எழுந்துவிடுவார். கால் அதேதான், வயதும் அதேதான். மாறியது இருக்கை மட்டுமே.

முதியவர்கள் கீழே விழும் சம்பவங்களில் கணிசமானவை நடக்கும்போது மட்டுமல்ல, உட்கார்ந்த இடத்தில் இருந்து எழும்போதும், உட்காரும்போதும் நடக்கின்றன. அதற்கும் இருக்கைக்கும் என்ன தொடர்பு? எந்த உயரம் சரி? பிளாஸ்டிக் சேர் பாதுகாப்பானதா? தரையில் உட்காரும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எழுந்து நிற்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இப்படி இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சுமார் 10.4 கோடி பேர். தமிழ்நாட்டில் அப்போதே பத்தில் ஒருவர் அந்த வயதினர். அதற்குப் பிறகு இந்த எண்ணிக்கை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

விழுந்து அடிபடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியில் தெரியாத பாதிப்பு இருக்கிறது. எழுந்திருக்கச் சிரமப்படுபவர்கள், எழ வேண்டிய தேவையையே குறைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி பாத்ரூம் போக எழணுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பார்கள். 'அங்க போனா உட்கார்ந்து எழ முடியாதும்மா, நீங்க போயிட்டு வாங்க' என்று கல்யாணம், காதுகுத்துக்குப் போவதை நிறுத்துவார்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று வரும். எழும்போது ரத்த அழுத்தம் இன்னும் எளிதாகக் குறையும். நடமாட்டம் குறைந்தால் கால் தசை மேலும் மெலியும். அதனால் எழுவது இன்னும் கஷ்டமாகும். இந்தச் சுழலின் தொடக்கப்புள்ளி பல வீடுகளில் ஒரு தாழ்வான சோபாவாக இருக்கிறது.

எழும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இளம் வயதில் நாம் யோசிக்காமலே செய்யும் இந்த அசைவை, உடலியக்க நிபுணர்கள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்.

1. உடம்பை முன்பக்கம் சாய்த்து வேகம் எடுப்பது.
2. பின்பக்கம் இருக்கையை விட்டு எழும்பி, எடை முழுவதும் பாதத்துக்கு மாறுவது.
3. இடுப்பையும் முழங்காலையும் நிமிர்த்தி மேலே வருவது.
4. நின்ற பிறகு ஆடாமல் நிலைப்பது.

இதில் ரொம்பவும் சிக்கலானது இரண்டாவது கட்டம். உட்கார்ந்திருக்கும்போது இருக்கை, தொடை, பாதம் என்று எடையைத் தாங்கப் பெரிய பரப்பு இருக்கிறது. எழும்பிய அந்த நொடியில் தாங்குவது இரண்டு பாதங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் உடம்பின் எடை பாதத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் 'பொத்'தென்று மறுபடியும் இருக்கையிலேயே விழுவார்கள்.

மேலே தள்ளும் வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத் தசையும்தான். வயது ஏற ஏற தசையின் அளவு குறைகிறது. 60 வயதுக்கு மேல் அந்த இழப்பு வேகம் எடுக்கும். மூட்டுத் தேய்மானம் இருந்தால் முழங்காலை அதிகம் மடக்கி எடை கொடுக்கும்போது வலி வேறு சேர்ந்துகொள்ளும். பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு நாற்காலியில் இருந்து எழுவதே தனிப் பிரச்சனை. அந்த நோயின் தீவிரத்தை அளக்கும் பரிசோதனையில் அதுவும் ஓர் அம்சம்.

இருக்கை தாழ்ந்தால் என்ன ஆகும்?

இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலேயும் இடுப்பு கீழேயும் இருக்கும். அப்படிப்பட்ட நிலையில் இருந்து எழ, உடம்பை நிறைய தூரம் முன்னால் கொண்டுவர வேண்டும். நிறைய உயரம் தூக்கவும் வேண்டும். முழங்காலும் இடுப்பும் அதிகம் மடங்கியிருப்பதால் மூட்டுகளின் மேல் விழும் சுமையும் அதிகம்.

இது எவ்வளவு வித்தியாசம் தரும்? 2002ஆம் ஆண்டு 'பிசிகல் தெரபி' என்ற மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான மூன்று விஷயங்கள் இவை.

- இருக்கையை உயர்த்தினால் முழங்காலின் மேல் விழும் திருப்புவிசை 60 சதவீதம் வரையிலும், இடுப்பில் 50 சதவீதம் வரையிலும் குறையலாம்.
- கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்புக்கு வேண்டிய விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.
- பாதத்தை முன்னால் நீட்டி வைத்து எழுவதற்கும், பின்னால் இழுத்து வைத்து எழுவதற்கும் இடுப்பின் சுமையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

அதாவது உயரம், கைப்பிடி, பாதம் வைக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் முதியவர் எழுவதைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றில் இரண்டு நேரடியாக இருக்கையைச் சேர்ந்தவை. மூன்றாவதும் பாதி அப்படித்தான். ஏனென்றால், காலைப் பின்னால் இழுக்க இருக்கைக்கு அடியில் இடம் இருந்தாகணும். முன்பக்கம் முழுவதும் பலகையோ துணியோ வைத்து அடைத்த சோபாவில் அந்த இடமே கிடையாது. 'அப்பா, காலைப் பின்னாடி வச்சு எழுந்திருங்க' என்று சொன்னாலும் அவரால் முடியாது.

சரியான உயரம் எது?

எல்லோருக்கும் ஒரே உயரம் என்று சொல்ல முடியாது. ஐந்தடி பாட்டிக்கும் ஆறடி தாத்தாவுக்கும் ஒரே நாற்காலி சரிவராது. இன்ச் டேப் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

முதியவர் வழக்கமாக வீட்டில் எப்படி நடக்கிறாரோ அப்படியே, வெறுங்காலிலோ செருப்புடனோ நிற்கச் சொல்லுங்கள். தரையில் இருந்து முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கையின் உயரம் குறைந்தபட்சம் அந்த அளவு இருக்க வேண்டும். எழச் சிரமப்படுபவர்களுக்கு அதைவிட 3 முதல் 5 செ.மீ. கூடுதலாக இருந்தால் நல்லது. பலருக்கு இது 43 முதல் 48 செ.மீ.க்குள் வரும்.

டேப் இல்லையென்றால் கண்ணாலேயே பார்க்கலாம். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கணும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கணும். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் இருக்கை தாழ்வு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: அளக்க வேண்டியது ஆள் உட்கார்ந்த பிறகு இருக்கும் உயரத்தை. கடையில் 43 செ.மீ. உயரமாகத் தெரியும் சோபா, உட்கார்ந்ததும் 8 செ.மீ. அமுங்கினால் உண்மையில் 35 செ.மீ. தான். மெத்து மெத்தென்று இருப்பது உட்காரும்போது சுகம். எழும்போது ஊன்றுவதற்கு உறுதியான இடமே இருக்காது.

அதற்காக அளவுக்கு மீறி உயர்த்துவதும் தப்பு. பாதம் தரையில் படாமல் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுத்தப்பட்டு கால் மரத்துப்போகும். மரத்த காலோடு எழுந்து நின்றால் விழும் அபாயம் அதிகம். உயரமான இருக்கையில் இருந்து முன்பக்கம் வழுக்கி விழவும் வாய்ப்பிருக்கிறது.

உயரம் மட்டும் போதுமா?

போதாது. நாற்காலி வாங்கும்போதோ, இருப்பதைச் சோதிக்கும்போதோ கவனிக்க வேண்டியவை:

- ஆழம்: முதுகு சாய்ந்து உட்கார்ந்தால், இருக்கையின் முன் ஓரத்துக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் அளவு இடைவெளி இருக்கணும். ஆழம் அதிகமான சோபாவில் நுனிக்கு நகர்ந்து வருவதே ஒரு போராட்டம்.
- சாய்வு: பின்பக்கம் ரொம்பச் சரிந்த இருக்கையில் எடை முழுவதும் பின்னால் இருக்கும். அதை முன்னால் கொண்டுவரத்தான் அதிக பலம் செலவாகும்.
- கைப்பிடி: இரண்டு பக்கமும் இருக்கணும். உறுதியாக, ஆடாமல், இருக்கையின் முன் ஓரம் வரை நீண்டிருக்கணும். பாதியிலேயே முடியும் கைப்பிடி, எழும்போது கைக்கு எட்டாது.
- கால்கள்: கைப்பிடியை ஊன்றும்போது நாற்காலி பின்னால் நகரவோ பக்கவாட்டில் சரியவோ கூடாது. சக்கரம் வைத்த, சுழலும் நாற்காலிகள் முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் சேர், ஈஸி சேர், ஊஞ்சல்... எது ஓகே?

நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் சேர்: உயரம் பரவாயில்லை, கைப்பிடியும் உண்டு. ஆனால் எடை குறைவு. ஒரே கையை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் கவிழ்ந்துவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையில், அதுவும் ஈரம் இருந்தால், கால்கள் அகன்று வழுக்கும். பல வருஷம் வெயிலில் கிடந்த சேர் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பயன்படுத்தினால் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழுவதே நல்லது. கைப்பிடி இல்லாத ஸ்டூல், முக்காலி கூடாது.

ஈஸி சேர்: துணி தொய்ந்து, இடுப்பு முழங்காலைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிடும். படுத்து ஓய்வெடுக்கச் சுகம்தான். தனியாக எழச் சிரமப்படுபவருக்கு, ஆள் துணை இருக்கும்போது மட்டும் சரி.

ஊஞ்சல்: எழும் நொடியில் இருக்கை பின்னால் போய்விடும். ஊன்றும் இடமே நகர்வதால் சமநிலை தவறும். அது திரும்பி வந்து முழங்காலின் பின்பக்கம் இடிக்கவும் செய்யும். முதியவர் எழும்போது வேறொருவர் சங்கிலியைப் பிடித்து நிறுத்தியாகணும்.

கயிற்றுக் கட்டில்: நடுவில் தொய்ந்திருக்கும், சட்டம் மட்டும் உயரமாக இருக்கும். பள்ளத்தில் இருந்து மேடு ஏறி எழுவது மாதிரி. கயிற்றை இழுத்துக் கட்டி இறுக்கமாக வைத்தால் நிலைமை மேம்படும்.

திண்ணை: தொய்வில்லை, ஆடாது. உயரம் முழங்கால் அளவுக்கு இருந்தால் நல்ல இருக்கைதான். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அடியில் காலை இழுக்க இடம் இல்லாததால் நுனிக்கு நகர்ந்து வந்துதான் எழ வேண்டும்.

சாப்பாட்டு மேசை மர நாற்காலி: பெரும்பாலும் சுமார் 45 செ.மீ. உயரம், உறுதியான இருக்கை, அடியில் காலி இடம். கைப்பிடி மட்டும் இருந்துவிட்டால் வீட்டிலேயே முதியவருக்கு ஏற்ற இருக்கை இதுதான்.

தரையில் உட்காருவதை விட்டுடணுமா?

"சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகின உடம்பு இது" என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய. அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பிரேசில் மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையுள்ள 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கை, முழங்கால் எதையும் ஊன்றாமல் செய்தால் முழு மதிப்பெண் 10. அடுத்த சில ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்ததில், குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களிடையே மரண விகிதம் அதிகமாக இருந்தது.

இதை 'தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும்' என்று புரிந்துகொள்ளக் கூடாது. தசை பலம், மூட்டு நெகிழ்வு, சமநிலை மூன்றும் நன்றாக இருப்பவர்களால்தான் அப்படி எழ முடிகிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே, யார் உதவியும் இல்லாமல் வலியின்றித் தரையில் இருந்து எழ முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டிய அவசியம் இல்லை. கடுமையான மூட்டுவலி, தலைச்சுற்றல், சமீபத்தில் விழுந்த அனுபவம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், எவ்வளவு தாழ்வாக உட்காரலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தரையில் இருந்து எழும்போது நேராக எம்பக் கூடாது. முதலில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையையும் முழங்காலையும் ஊன்ற வேண்டும். பிறகு அருகில் இருக்கும் கனமான நாற்காலியையோ கட்டிலையோ பிடித்து, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி மெல்ல எழ வேண்டும்.

பாத்ரூம்: கவனிக்க மறக்கும் இருக்கை

வீட்டில் ஒரு நாளில் அதிக முறை உட்கார்ந்து எழும் இடம் கழிப்பறை. அதுவும் தனியாக, ஈரத் தரையில், பெரும்பாலும் இருட்டு நேரத்தில். தரையோடு இருக்கும் கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து எழுவதுதான் முழங்காலுக்கு இருப்பதிலேயே கடினமான வேலை. வெஸ்டர்ன் டாய்லெட்டும் பல வீடுகளில் சுமார் 40 செ.மீ. உயரமே இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிமுறைப்படி அது 43 முதல் 48 செ.மீ. வரை இருக்க வேண்டும்.

இருப்பதை இடிக்காமலே உயரத்தைக் கூட்ட, மேலே பொருத்தும் உயர்த்தி இருக்கைகள் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கின்றன. நடுவில் ஓட்டை உள்ள கமோடு சேரும் ஒரு வழி. சுவரில் திருகு போட்டு இறுக்கிய கைப்பிடிக் கம்பி கட்டாயம் வேண்டும். துண்டு போடும் கம்பி, வாஷ்பேசின், பைப் இவற்றைப் பிடித்து எழுந்தால் ஒருநாள் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கதவுத் தாழ்ப்பாள் வெளியில் இருந்தும் திறக்கிற மாதிரி இருந்தால் அவசரத்துக்கு உதவும்.

எழுந்ததும் தலை சுத்துதா?

இருக்கை சரியாக இருந்தும் சிலர் எழுந்து இரண்டு அடி வைத்ததும் விழுவார்கள். காரணம் ரத்த அழுத்தம். எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளம் வயதில் உடம்பு உடனே அதைச் சரிசெய்துவிடும். வயதானால் தாமதமாகும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அதை மருத்துவர்கள் ஒரு பிரச்சனையாகவே கணக்கில் எடுப்பார்கள்.

ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நீண்டகால சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். சிலருக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் வரும். அதற்காக மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

பாதுகாப்பாக எழுவது எப்படி?

1. எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை அசைக்கவும்.
2. வேட்டி, சேலை நுனி பாதத்துக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.
3. இடுப்பை மாற்றி மாற்றி நகர்த்தி இருக்கையின் நுனிக்கு வரவும்.
4. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்கவும்.
5. இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றவும். வாக்கர் வைத்திருப்பவர்களும் நாற்காலியைத்தான் ஊன்றணும். வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது கவிழும்.
6. மூக்கு கால் விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய்ந்து, கையாலும் காலாலும் ஒரே நேரத்தில் தள்ளி எழவும்.
7. நின்றதும் உடனே நடக்க வேண்டாம். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு முதல் அடி வைக்கவும்.

உட்காரும்போதும் அதே கவனம் வேண்டும். இருக்கையின் ஓரம் இரண்டு காலின் பின்பக்கத்திலும் படுவது தெரிந்த பிறகே, கைப்பிடியைத் தொட்டு மெதுவாக இறங்கணும். எலும்பு பலவீனமானவர்கள் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால், அந்த அதிர்ச்சியிலேயே முதுகெலும்பில் முறிவு ஏற்படலாம்.

உதவிக்கு நிற்பவர்கள் செய்யும் தவறு

'வாங்கப்பா' என்று முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பதுதான் பலரும் செய்வது. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது இன்னொன்று. இரண்டுமே முதியவரின் தோள்பட்டையைப் பாதிக்கும், தூக்குபவரின் முதுகையும் பாதிக்கும். பக்கவாட்டில் நின்று, ஒரு கையை அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லி அவரே எழும் நேரத்தில் துணை கொடுத்தால் போதும். அவசரப்படுத்தாமல் இருப்பதே பாதி உதவி.

பெரிய செலவில்லாமல் வீட்டில் என்ன மாற்றலாம்?

- சோபா, கட்டில் கால்களுக்கு ஆசாரியிடம் சொல்லி, கால் உள்ளே இறங்கி உட்காரும் குழிவுள்ள மரக்கட்டை செய்து வைக்கலாம். செங்கல்லை அடுக்குவது ஆபத்து, நகர்ந்துவிடும்.
- தொய்ந்த சோபாவில் மெத்தைக்கு அடியில் கெட்டியான பலகை போடலாம். மேலே மெத்தென்ற தலையணையை அடுக்குவதால் பயன் இல்லை. உயரத்தைக் கூட்டும்போது கைப்பிடி அதற்கேற்பத் தாழ்ந்துவிடும் என்பதையும் கவனிக்கணும்.
- வழக்கமாக உட்காரும் நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டலாம். முன்னால் கிடக்கும் மிதியடி, கம்பளத்தை எடுத்துவிடலாம்.
- படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும்.

எல்லாத்தையும் சுலபமாக்கினா கால் பலவீனம் ஆகிடாதா?

நியாயமான கேள்வி. உயரமான நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் நிச்சயம் ஆகும். பட்டனை அழுத்தினால் தானே தூக்கிவிடும் மின்சார சாய்வு நாற்காலிகளுக்கும் இது பொருந்தும். சுத்தமாக எழ முடியாதவர்களுக்கு அவை வரம். முயன்றால் முடியும் என்பவர்களுக்கு அவை காலின் வேலையைப் பறித்துவிடும்.

உயரமான இருக்கையைப் பயிற்சிக்கான முதல் படியாகப் பார்க்கலாம். எந்த உயரத்தில் இருந்து கையை லேசாக ஊன்றி எழ முடிகிறதோ, அந்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை எழுந்து உட்காரலாம். பழகப் பழக கையின் உதவியைக் குறைத்துக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு வெளியான 'காக்ரேன்' தொகுப்பாய்வு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்களிடம் கீழே விழும் விகிதம் 23 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. அதில் சமநிலைப் பயிற்சியும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியுமே அதிகப் பலன் தந்தவை.

வீட்டிலேயே செய்யும் 30 விநாடி சோதனை

சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முதியவர் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கணும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி, கீழ்க்கண்ட எண்ணிக்கைக்குக் குறைந்தால் விழும் அபாயம் இருப்பதாக அர்த்தம்.

- 60-64 வயது: ஆண் 14, பெண் 12
- 65-69 வயது: ஆண் 12, பெண் 11
- 70-74 வயது: ஆண் 12, பெண் 10
- 75-79 வயது: ஆண் 11, பெண் 10
- 80-84 வயது: ஆண் 10, பெண் 9
- 85-89 வயது: இருவருக்கும் 8

மார்பு வலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

எழுந்திருக்கும் சிரமம் எல்லாமே வயதால் வருவதல்ல. வைட்டமின் டி குறைபாடு, தைராய்டு பிரச்சனை, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, பார்கின்சன், முதுகுத் தண்டுவட அழுத்தம் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு சிகிச்சை உண்டு. போன மாதம் வரை எழுந்தவர் இந்த மாதம் எழ முடியவில்லை என்றாலோ, எழும்போதெல்லாம் தலை சுற்றினாலோ, ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுந்திருந்தாலோ தாமதிக்க வேண்டாம். ஒரு பக்கக் கை, கால் திடீரெனச் செயலிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

விழுந்துவிட்டால் பதறிப்போய் உடனே தூக்கி உட்கார வைக்கக் கூடாது. இடுப்பில் கடும் வலி, கால் திரும்பியோ குட்டையாகவோ தெரிவது, தலையில் அடி ஆகியவை இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருப்பதே சரி.

அரசு உதவி என்ன இருக்கு?

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி உள்ளது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம், முதியவர்களுக்கான தனி அரசு மருத்துவமனை. மருத்துவ ஆலோசனைக்கு 104, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அடுத்த முறை வீட்டுக்கு நாற்காலியோ சோபாவோ வாங்கப் போகும்போது, அதில் தினமும் உட்காரப்போகும் பெரியவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். உட்கார்ந்து பார்க்கச் சொல்வதோடு நிறுத்தாமல், கை கொடுக்காமல் எழுந்தும் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் தானாக எழ முடிகிற இருக்கையே அவருக்கான இருக்கை.